சுண்ணாம்பு ஏடும் மென்படலமும்: மதுரைச் சமவெளியில் கரியமில வாயுவை அறிந்த வரலாறு

மதுரை நகரின் மேற்கே தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடும் இடத்துக்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல், காளவாய் ஆகிய சொற்கள் சுண்ணாம்பையோ செங்கல்லையோ சுடுகின்ற சூளையைக் குறிப்பவை. பேருந்துகளும் கடைகளும் நெருக்கும் அந்தச் சந்திப்பில் சூளைத் தொழிலின் நினைவு பெயரளவில் மட்டும் எஞ்சியிருக்கிறது. சுண்ணாம்புச் சூளையில் அடுக்கிய கல் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது அதிலுள்ள கால்சியம் கார்பனேட் சிதைந்து, எடைக்கணக்கில் 100 பங்கு கல்லுக்கு 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகவும் 44 பங்கு கண்ணுக்குத் தெரியாத வாயுவாகவும் பிரிகிறது. பழைய பாடநூல்கள் கரியமில வாயு என்றும் இன்றைய பாடநூல்கள் கார்பன் டை ஆக்சைடு என்றும் குறிப்பிடும் அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை; காற்றைவிட ஒன்றரை மடங்கு எடை மிகுந்ததாதலால் பள்ளம் கண்ட இடத்தில் தங்கிவிடும் இயல்புடையது. இச்சமவெளியில் அவ்வாயுவை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றைச் சுண்ணாம்பிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். ஏனெனில் நகக்கண் அளவே உள்ள இன்றைய மென்படல உணரியும், அதாவது ஒரு வாயு இருப்பதை மின்குறிப்பாக மாற்றித் தரும் மிகச் சிறிய கருவியும், சுண்ணாம்பின் அதே வேதிப் பண்பைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

சுட்ட சுண்ணாம்பை நீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசியபின், அது சூளையில் இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் பருத்த தூண்களிலும் விதானங்களிலும் காணப்படும் சுதை வேலைப்பாடு, கொத்தர்கள் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புக் காரை நூற்றாண்டுகளாகக் கரியமில வாயுவை ஏற்று இறுகியதன் விளைவேயாகும். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த பெரியாறு அணையின் உட்பகுதியும் சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் தூளும், கலந்த காரையால் ஆனது என்பதால், மதுரைச் சமவெளியின் வயல்களுக்கு இன்று வரும் தண்ணீரும் சுண்ணாம்புக்குக் கடன்பட்டதுதான். வெள்ளையடிப்பதற்காகத் தொட்டியில் ஊறவைத்த சுண்ணாம்பின் தெளிநீர் மேல் ஒரே இரவில் கண்ணாடி போன்ற ஏடு படிவதும், சோழவந்தான் வெற்றிலையோடு மடித்துத் தரும் சுண்ணாம்பை டப்பியில் திறந்து வைத்தால் மேற்புறம் வெளிறி ஏடு கட்டுவதும் இவ்வட்டாரத்து வீடுகளில் எல்லோரும் கண்ட காட்சிகள். அந்த ஏட்டை நீர் வற்றியதனால் வந்த காய்ப்பு என்று மட்டும் கொள்வது தவறு. 10,000 பங்கு காற்றில் நான்கு பங்கு அளவே உள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பின் மேற்பரப்பு தேடிப் பிடித்துத் தன்மேல் எழுதிக்கொண்ட பதிவு அது.

ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜோசப் பிளாக் 1750களில் இந்த உண்மையைச் சோதனைகளால் நிறுவி, சுண்ணாம்புக்கல்லுக்குள் அடைபட்டிருந்து வெப்பத்தால் வெளியேறும் அவ்வாயுவுக்கு நிலைத்த காற்று என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். அதன்பின் தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போல் மாறுவது உலகெங்கும் பள்ளிச் சோதனையாயிற்று. 1858இல் மியூனிக் நகரின் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர், சுண்ணாம்போடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பேரியம் ஹைட்ராக்சைடின் கரைசலைக் கொண்டு அறைக் காற்றை அளந்து, ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு சேர்ந்த அறையில் காற்றோட்டம் போதாது என்று வரையறுத்தார். பத்து லட்சத்தில் 1,000 பங்கு என்னும் வடிவில் அந்த அளவுகோல் வகுப்பறைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இன்றளவும் வழங்கிவருகிறது.

அறைகளைவிடக் கிணறுகளே மதுரைச் சமவெளியில் இவ்வாயுவின் கொடுமையைக் காட்டிய இடங்கள். ஆற்றுப்பாசனம் எட்டாத திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களில் ஆழமான கிணற்றை வெட்டி, கமலை கட்டி இறைத்துப் பயிர் செய்வதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. கோடை முற்றி நீர் வற்றும்போது தூர் வாருவதற்காக ஆட்கள் இறங்குவார்கள். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகின்ற மூச்சினால் மண்ணிடைக் காற்றில் கரியமில வாயு மேற்காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும். நீர்மட்டம் இறங்கியதும் அது கிணற்றுச் சுவரின் வெடிப்புகள் வழியே கசிந்து, அடியில் மட்கும் இலைதழைகளின் வாயுவோடு சேர்ந்து, காற்று வீசாத அந்தக் குழியில் குளம்போல் தேங்கி நிற்கும். கரிசல் வட்டாரங்களில் சோளமும் கம்பும் கொட்டி மூடிய தானியக் குழிகளிலும் இதுவே நிகழும்; தானியமும் மூச்சுவிடுவதால் மூடிய குழிக்குள் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு பெருகுகிறது. அதே நிலை குழிக்குள் வண்டுகளைக் கொன்று தானியத்தைக் காத்தது என்பதால், தானியத்தைக் காத்த வாயுவே குழியைத் திறந்தவுடன் இறங்கிய மனிதனை வீழ்த்தக்கூடியதாகவும் இருந்தது.

இதை அறிந்த கிணற்று வேலைக்காரர்கள் இறங்குவதற்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அரிக்கேன் விளக்கு வருவதற்கு முன் அகல் விளக்கோ எரியும் பந்தமோ அந்த வேலையைச் செய்திருக்கும். சுடர் சுருங்கி அணைந்தால் கீழே கெட்ட காற்று இருக்கிறது என்று முடிவுசெய்து, இலையடர்ந்த கொப்புகளைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக அசைத்தும், வாளி வாளியாகத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டியும் காற்றைக் கலக்கிவிட்டபின், மறுபடி விளக்கை இறக்கி உறுதிசெய்துகொண்டே ஆள் இறங்குவது வழக்கம். படிப்பறிவில்லாதோர் கைக்கொண்ட இவ்வழக்கத்தை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவது பெரும் பிழையாகும். ஒரு பொருளின் மேற்பரப்பில் வாயு விளைவிக்கும் மாற்றத்தைத் தொலைவிலிருந்து படித்தறிவது உணரி என்றால், கயிற்றில் தொங்கிய அந்தச் சுடரும் முழுமையான உணரியே.

ஆயினும் அந்தச் சுடருக்கு இருந்த குறை உயிரோடு தொடர்புடையது. விளக்கு அணைவது ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போதுதான். கரியமில வாயு 3 விழுக்காட்டைத் தாண்டும்போதே மனிதனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, 10 விழுக்காட்டை நெருங்கும்போது சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். ஆகவே சுடர் நின்று எரிந்துகொண்டிருக்கும் கிணற்றிலும் ஒருவன் மயங்கி விழ இடமுண்டு. அவனைத் தூக்க இறங்கியவனும் அவன்மேலேயே விழுவது இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நேர்வது. கழிவுநீர்த் தொட்டிகளில் இந்த முறை மேலும் ஆபத்தானது. அங்கே சேரும் மீத்தேன் சுடர் பட்டால் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடோ மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்வதால் சுடரில் எந்தக் குறியும் தெரியாது. அணைவது, எரிவது என்ற இரு நிலைகளுக்கு மாறாக, எத்தனை விழுக்காடு என்று சொல்லக்கூடிய, தீயில்லாத, கையடக்கமான ஒரு கருவியின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

மென்படலம் என்பது கண்ணாடி, பீங்கான், சிலிக்கான் போன்ற அடித்தளம் ஒன்றின்மேல் படியவைக்கப்படும், பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனுள்ள பொருள் அடுக்கு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மனிதத் தலைமயிரின் தடிமன் அதைப்போல் பல பத்து மடங்கு. தடிமன் அத்தனை குறையும்போது அப்பொருளின் பெரும்பகுதி மேற்பரப்பாகவே ஆகிவிடுவதால், மேலே ஒட்டும் வாயு அதன் மின்பண்பு முழுவதையும் மாற்றிவிட முடிகிறது. 1953இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் பிராட்டெய்னும் ஜான் பார்டீனும் ஜெர்மானியம் படிகத்தைச் சூழ்ந்த வாயுவை மாற்றினால் அதன் மேற்பரப்பு மின்பண்புகள் மாறுவதை எடுத்துக்காட்டினர். 1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் தெட்சுரோ செய்யாமாவும் உடன் ஆய்ந்தோரும் சூடாக்கிய துத்தநாக ஆக்சைடு மென்படலத்தையே வாயு உணரியாக்கினர். அதே காலத்தில் நவோயோஷி தகுச்சி வெள்ளீய ஆக்சைடைக் கொண்டு உருவாக்கிய உணரி, சமையல் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவியாக ஜப்பானிய வீடுகளுக்குள் நுழைந்தது. இவ்வகை ஆக்சைடுகள் குறைக்கடத்திகள், அதாவது உலோகம்போல் தாராளமாகவும் அல்லாமல் மரம்போல் முற்றிலும் மறுத்தும் அல்லாமல் மின்சாரத்தை ஓரளவே விடுபவை. சூடான படலத்தின்மேல் காற்றின் ஆக்சிஜன் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ள, எரிவாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்க, படலத்தின் மின்தடை சட்டென்று விழுகிறது.

கரியமில வாயு இந்த ஏற்பாட்டுக்கு எளிதில் அடங்காததாக இருந்தது. அது ஏற்கெனவே முழுவதும் எரிந்து முடிந்த பொருள். அதிலுள்ள கார்பன் ஏற்கவேண்டிய ஆக்சிஜனையெல்லாம் ஏற்றுவிட்டதால், படலத்தின்மேல் ஒட்டிய ஆக்சிஜனோடு அதற்கு வேலை இல்லை. வெள்ளீய ஆக்சைடுப் படலம் எரிவாயுவுக்கும் சாராய ஆவிக்கும் துள்ளி எழுந்து, கரியமில வாயுவின் முன் ஏறத்தாழ அசையாமல் இருந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். இந்த இடத்தில் ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த வழி, அறிந்தோ அறியாமலோ, சுண்ணாம்பின் வழியாக இருந்தது. கரியமில வாயு அமிலத்தன்மை உடையது என்பதால் காரத்தன்மை உடைய ஆக்சைடுகளோடு சேர்ந்து கார்பனேட்டாகும். சுண்ணாம்பு ஏடு படிவதும் இதனால்தான். வெள்ளீய ஆக்சைடில் காரத்தன்மையுள்ள லாந்தனம் ஆக்சைடைச் சேர்த்தபோது அது கரியமில வாயுவுக்கு இசைந்தது. பேரியம் டைட்டனேட்டும் செம்பு ஆக்சைடும் கலந்த பீங்கானின் மேற்பரப்பில் கார்பனேட் உண்டாகும்போது அதன் மின்தேக்கு திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அளவு, மாறுவதை 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். வேறொரு பாதையும் இருந்தது: 1976இல் ஹாங், ஜான் குடெனஃப் ஆகியோர் விவரித்த நாசிகான் என்னும் திண்ம மின்பகுளி, அதாவது திடநிலையிலேயே சோடியம் அயனிகளை ஓடவிடும் பீங்கான், ஒரு பக்கம் கார்பனேட் பூசப்பட்டதும் கரியமில வாயுவின் அளவுக்கேற்ப மின்னழுத்தம் தருகின்ற சிறு மின்கலமாயிற்று. இத்தனை வழிகளிலும் வாயுவைப் பிடிப்பது ஒரு கார்பனேட் ஏடே.

மின்வேதியியல் என்று அழைக்கப்படும் இத்துறை, அதாவது வேதிவினையும் மின்சாரமும் ஒன்றையொன்று விளைவிக்கும் முறைகளை ஆராயும் அறிவு, மதுரைக்கு வடகிழக்கே காரைக்குடியில் வேர்கொண்டது ஒரு வள்ளலின் செயலால். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அளித்ததன் பயனாக, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 அன்று குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். செட்டிநாட்டு மாளிகைகளின் சுவர்களில் சுண்ணாம்பைப் பளிங்குபோல் மெருகேற்றிய ஊர்களின் நடுவே, உலோகங்களின்மேல் மெல்லிய அடுக்குகளைப் படியவைக்கும் கலையை அறிவியலாகப் பயிலும் நிலையம் எழுந்தது தற்செயலே என்றாலும் கருதத்தக்கது. கரைசலில் அமிழ்த்திய தகட்டில் மின்சாரம் செலுத்திப் பொருளைப் படியவைக்கும் மின்படிவு முறையில் முலாம் பூசுவதோடு நில்லாமல், காட்மியம் செலினைடு போன்ற குறைக்கடத்திப் படலங்களை ஆக்கும் பணியும் அங்கே நடந்தது. 1947இல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரியும், 1985இல் அவர் பெயரால் அமைந்த பல்கலைக்கழகமும் சேர்ந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளியே படல ஆய்வில் பயின்ற ஆசிரியர் தலைமுறை ஒன்று உருவாக வழிசெய்தன.

அந்தத் தலைமுறை தங்கள் கல்லூரிகளுக்குத் திரும்பியபோது எதிர்கொண்ட முதல் தடை வெற்றிடம். படலம் ஆக்கும் பழைய முறை, மணிக்குடுவைக்குள் காற்றை ஏறத்தாழ முற்றிலும் வெளியேற்றி, உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைப்பது. அதற்கான எந்திரங்களை 1965இல் தொடங்கிய பெங்களூரின் ஹிந்த் ஹை வாக்குவம் நிறுவனம் உள்நாட்டிலேயே செய்து தந்தபோதிலும், அவற்றின் விலையும் பராமரிப்பும் தடையற்ற மின்சாரத்தின் தேவையும் சிற்றூர்க் கல்லூரிகளுக்கு எளிதாக இல்லை. 1966இல் சேம்பர்லின், ஸ்கார்மன் ஆகியோர் காட்மியம் சல்ஃபைடுக்காக வெளியிட்ட தெளிப்பு வெப்பச் சிதைவு முறை இந்தத் தடையை உடைத்தது. உப்புக் கரைசலைச் சூடான கண்ணாடியின்மேல் தெளித்தால் போதும், நீர் ஆவியாகி, உப்பு சிதைந்து, ஆக்சைடு ஏடாகப் படிந்துவிடும்; வெற்றிடமே வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இம்முறை வேரூன்றியதற்கு இந்த எளிமையே காரணம். இதை வசதியில்லாதவர்களின் மாற்று வழி என்று தாழ்வாகக் கருதுவோர் உண்டு, ஆனால் வாயு உணரிக்கு வேண்டிய துளைகளும் சொரசொரப்பும் நிறைந்த பரப்பைத் தெளிப்பு முறை இயல்பாகவே தருகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காளவாசலிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே போனால் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1978இல் காமராசர் பெயரைப் பெற்ற பல்கலைக்கழகம் வருகிறது. செக்கானூரணியைக் கடந்து அதே சாலையில் கருமாத்தூரின் அருள் ஆனந்தர் கல்லூரி. அக்கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்தும், காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியிலிருந்தும் தெளிப்பு முறைப் படலங்களையும் வாயு உணரிகளையும் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. இவற்றில் ஆஸ்துமா நோயாளிக்கு மருந்தை நுண்துளிப் புகையாக்கித் தரும் நெபுலைசர் தெளிப்பானாகப் பயன்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. மருந்துக் கடையில் கிடைக்கும் அக்கருவி தரும் துளிகள் சில மைக்ரான் அளவுக்குச் சிறுத்திருப்பதால் படலம் சீராக அமைகிறது.

படலம் ஆக்கும் வேலை பார்வைக்கு எளியது, கைப்பழக்கத்தில் கடினமானது. நுண்ணோக்கிக்குப் பயன்படும் கண்ணாடித் தகட்டைச் சோப்பு நீராலும் அமிலத்தாலும் வாலை வடிநீராலும் அசிட்டோனாலும் அடுத்தடுத்துக் கழுவுவார்கள். விரல் ரேகை ஒன்று பட்டால் அந்த இடத்தில் படலம் உரிந்து வந்துவிடும். வெள்ளீயக் குளோரைடை நீரிலும் சாராயத்திலும் கரைத்து, கலங்காதிருக்கச் சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, 350 முதல் 450 பாகை வரை சூடேறிய தகட்டின்மேல் இடைவெளி விட்டுவிட்டுத் தெளிப்பார்கள். இடைவெளி விடாவிட்டால் தகடு குளிர்ந்து படலம் வெண்பொடியாகிவிடும். சூடு குறைந்தால் குளோரின் எஞ்சும், கூடினால் துளி தகட்டைத் தொடுமுன்பே ஆவியாகும். சரியாக அமைந்த படலம் மயிற்கழுத்துபோல் நிறம் மாறி மின்னும்; அந்த நிறத்தைக் கண்டே தடிமனை ஏறத்தாழச் சொல்லிவிடும் பயிற்சி ஆய்வு மாணவர்களுக்கு நாளடைவில் வாய்க்கிறது. பின்னர் இரு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோன்ற வடிவில் மின்முனைகளை அமைத்து, மூடிய கலத்துக்குள் வைத்துச் சூடாக்கி, அளந்த வாயுவை உள்ளே விட்டு மின்தடையின் ஏற்ற இறக்கத்தைக் குறிப்பார்கள். உணரியைச் சிறிதாக்குவது இதற்கடுத்த படி: சிலிக்கான் துண்டின் நடுவே மெல்லிய சவ்வு ஒன்றைச் செதுக்கி, அதன்மேல் பிளாட்டினச் சூடேற்றிக் கம்பியையும் படலத்தையும் அமைத்தால், சூடாக வேண்டிய பரப்பு மிளகைவிடச் சிறிதாகி, சில பத்து மில்லிவாட் மின்சாரமே 300 பாகை வெப்பத்தைத் தந்துவிடும், கைப்பேசி மின்கலத்தால் இயங்கும் உணரி அப்போதுதான் இயலும். இந்தப் படிக்கு வேண்டிய தூய அறைகள் பெருநகர நிறுவனங்களிலேயே உள்ளதால், மதுரை வட்டாரத்தின் பணி பெரும்பாலும் படலப் பொருளைக் கண்டறிவதோடு நிற்கிறது.

சந்தையில் கிடைக்கும் நம்பகமான கரியமில வாயு அளவிகள் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தவை. 1859இல் ஜான் டிண்டால் தொடங்கிய சோதனைகள் இவ்வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதைக் காட்டின, அது 4.26 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சும் பண்பைக்கொண்டு அவ்வளவிகள் இயங்குகின்றன. கொரோனா காலத்தில் வகுப்பறைக் காற்றோட்டத்தைப் பார்க்க அவை பயன்பட்டன; தேனி மாவட்டத்து வாழையைப் பழுக்கவைக்கும் அறைகள் போன்றவற்றில் வாயு ஒரு விழுக்காட்டைத் தாண்டிப் பழுப்பதைத் தாமதப்படுத்தாமல் காக்கவும் அவை பயன்படுபவை. ஒளி ஊடுருவிச் செல்ல அவற்றுக்கு இடம் வேண்டும், ஆடியும் விளக்கும் வேண்டும், விலையும் கிணற்றுத் தொழிலாளியின் கைக்கு எட்டுவதாக இல்லை. மென்படலத்தின்மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருப்பதற்கு அதன் மலிவே காரணம்.

அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது ஈரம். சூடான படலத்தின்மேல் நீராவியும் ஒட்டி மின்தடையை மாற்றுவதால், வாயு கூடியதா காற்று ஈரமானதா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. கார்பனேட் பூச்சுகள் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து, சில மாதங்களில் அளவு பிசகிவிடுகின்றன. எனவேதான் லித்தியம், பேரியம் கார்பனேட்டுகளைக் கலந்து ஈரம் தாங்கச் செய்வதும், வெவ்வேறு ஈரப்பதத்தில் ஒரே படலத்தைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதும் இத்துறையின் அன்றாட வேலையாக இருக்கின்றன. சுண்ணாம்போ இதற்கு நேர்மாறானது: நீர் படாத சுட்ட சுண்ணாம்பு சாதாரண வெப்பத்தில் கரியமில வாயுவை ஏறத்தாழத் தொடுவதே இல்லை, ஈரம் இருந்தால்தான் அதன்மேல் ஏடு படியும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிணற்றின் அடியில், உணரி வேலை செய்ய வேண்டிய அந்த இடத்தில், காற்று ஆண்டு முழுவதும் நீராவியால் நிறைந்தே இருக்கிறது.